தரையில் பழகும் அலைச்சறுக்கு



நம் மலாக்கா மாநிலத்துக் கடலை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். பள்ளி விடுமுறையிலும் தீபாவளி கழிந்த மறுநாளிலும் வண்டி அமர்த்திக்கொண்டு தஞ்சோங் பிடாராவுக்கும் பெங்காலான் பாலாக்குக்கும் கட்டுச்சோற்றுடன் செல்வது தோட்டத்து மக்களின் நெடுநாள் வழக்கம். அங்கே பெரும்பாலான நாட்களில் அலை சிறியது. கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். அத்தகைய கடலின் அருகில் வாழும் நமக்கு, அலையின்மேல் பலகையிட்டு நின்று சறுக்கும் விளையாட்டைப் பற்றிய பாடம் எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்த விளையாட்டின் முதற்பாடம் நீரில் நடப்பதன்று, தரையில் நடப்பது. ஆதலால் கடலே இல்லாத தோட்டத்திலும் அதனைப் பழகலாம்.

முதலில் அலை என்பது யாதெனக் காண்போம். காற்று நீர்ப்பரப்பின்மீது நெடுந்தொலைவு தடையின்றி வீசும்போது அலை பிறக்கிறது. தொலைவு மிகுந்தால் அலையும் பெரிதாகும். மலாக்கா நீரிணையின் எதிர்க்கரையில் சுமத்திரா ஒரு மதில்போல் படுத்திருக்கிறது. இந்துமாக்கடலின் பேரலைகளை அது மறித்துவிடுவதால் நம் கரை அமைதியாக இருக்கிறது. கிழக்குக் கரையிலோ தென்சீனக் கடல் திறந்து கிடக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் பகாங் மாநிலத்துச் செராத்திங்கில் அலைச்சறுக்கு வீரர்கள் கூடுவது இதனாலேயே.

அலை நகரும்போது நீர் அதனுடன் பயணம் செய்வதில்லை. குளத்தில் ஒரு தேங்காயை மிதக்கவிட்டுச் சற்றுத் தள்ளிக் கல்லெறிந்து பாருங்கள். அலை கடந்து போகும், தேங்காய் நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். ஆழம் குறைந்த கரைக்கு வரும்போது அலையின் அடிப்பகுதி தரையால் தடைபட, மேற்பகுதி முந்திக் கவிழ்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர அலை, 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். உடையப்போகும் அந்தச் சரிவில், மலைச்சரிவில் வழுக்குவதுபோல, புவியீர்ப்பினால் பலகை கீழ்நோக்கி வழுக்கிச் செல்கிறது. பாக்கு மட்டையில் தம்பியை உட்காரவைத்து மேட்டிலிருந்து இழுத்து விளையாடிய பிள்ளைகளுக்கு இதை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இவ்விளையாட்டு ஹவாய்த் தீவு மக்களிடையே தொன்றுதொட்டு வழங்கியது. அத்தீவினரான டியூக் கஹானமோக்கு 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். அவரே அலைச்சறுக்கினைப் பிற நாடுகளுக்கும் கொண்டுசென்று காட்டினார். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அலை எழாத நாட்களில் பொழுது போகாத இளைஞர்கள் பலகையின் அடியில் சக்கரங்களைப் பொருத்தித் தெருவில் சறுக்கினர். இன்று நாம் காணும் சக்கரப் பலகை விளையாட்டு அவ்வாறு வளர்ந்ததே. ஜப்பானில் 2021இல் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இவ்விரண்டும் முதன்முறையாக இடம்பெற்றன. ஆடவர் அலைச்சறுக்கில் தங்கம் வென்றவர் பிரேசில் நாட்டு இத்தாலோ ஃபெரேரா. அவருடைய தந்தை மீன் வியாபாரி. மீனை வைக்கும் நுரைப்பெட்டியின் மூடியே அந்தச் சிறுவனுக்கு முதற்பலகையாயிற்று!

தமிழ்நாட்டிலும் இவ்விளையாட்டு வேரூன்றிவிட்டது. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவளத்தில், மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் என்பார் அலைச்சறுக்குப் பள்ளி நடத்திப் பலருக்குக் கற்பித்துள்ளார். கட்டுமரத்தில் நின்றபடியே துடுப்பு வலித்து அலையைக் கடந்த பரம்பரைக்கு இப்பலகை அந்நியமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். பள்ளித் திடலிலோ பழைய பிரட்டுக்களத்துப் புல்தரையிலோ கல், கண்ணாடித் துண்டு இல்லாத இடமாகப் பாருங்கள். இரண்டடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட பலகையின் வடிவத்தைக் குச்சியால் வரைந்து, நடுவே நெடுக ஒரு கோடு கிழியுங்கள். அதுவே உங்கள் பலகை.

முன்வைக்கும் கால் எது என்பதை முதலில் அறியவேண்டும். கண்ணை மூடி நில்லுங்கள். நண்பன் பின்புறமிருந்து மெல்லத் தள்ளட்டும். விழாமலிருக்க எந்தக் கால் தானே முன்வருகிறதோ, பெரும்பாலும் அதுவே உங்கள் முன்கால். சிலருக்கு இடக்கால், சிலருக்கு வலக்கால். இதில் உயர்வு தாழ்வு இல்லை.

நடுக்கோட்டின்மேல் குப்புறப் படுங்கள். கால்களை ஒன்றுசேர்த்து நீட்டி, மார்பைச் சற்றே உயர்த்தி, கண்ணை முன்னே செலுத்துங்கள். யோகாசனத்தில் புயங்காசனம் பழகியவர்களுக்கு இந்நிலை எளிது. இரு கைகளாலும் மாறி மாறி நீரை வலிப்பதுபோல் பத்து முறை செய்யுங்கள். அலை வந்து பலகையைத் தூக்குவதாக எண்ணி, உள்ளங்கைகளை விலாவின் அருகே தட்டையாக ஊன்றுங்கள். பலகையின் ஓரத்தைப் பற்றுவது தவறு. பற்றினால் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கைகளை உந்தி உடலை உயர்த்திய அக்கணமே, முன்காலை இரு கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து வைத்து எழுங்கள். பாதங்கள் இரண்டும் கோட்டுக்குக் குறுக்காக, தோளளவு இடைவெளியில் இருக்கட்டும். முழங்கால்கள் மடிந்திருக்கட்டும். முதுகை வளைத்துத் தாழ்வதைவிட முழங்காலை மடக்கித் தாழ்வதே நலம்.

இங்கேதான் எல்லாரும் தவறுவர். எழுந்தவுடன் தம் காலைத் தாமே குனிந்து பார்ப்பர். தலை குனிந்தால் உடலும் அத்திசையிலேயே சாயும். ஓடையின்மேல் கிடக்கும் தென்னை மரத்துண்டில் நடந்து பள்ளிக்கு வந்த பழைய மாணவர்களைக் கேளுங்கள். அவர்கள் காலைப் பார்த்து நடந்ததில்லை, அக்கரையைப் பார்த்தே நடந்தார்கள். முழங்காலிட்டுப் பிறகு எழும் பழக்கமும் வேண்டா. அது ஒட்டிக்கொண்டால் நீங்குவது கடினம்.

நாளொன்றுக்கு இருபது முறை போதும். முதலில் மெதுவாக, அடியடியாக; பின்னர் ஒரே மூச்சில். அலை ஒருவனுக்குக் கொடுக்கும் நேரம் ஓரிரு வினாடிகளே. அவ்வேளையில் சிந்தித்துச் செய்ய இயலாது. கைகால்கள் தாமே செய்யவேண்டும். பிரட்டுக்குப் போகும் விடியற்காலை இருட்டில் தாய்மார் விளக்கின்றிக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுத் திறப்பதுபோன்ற பழக்கம் அது.

விழுவதற்கும் பயிற்சி உண்டு. பலகையின்மேல் விழாமல் பக்கவாட்டில் விழவேண்டும். தலைகுப்புறப் பாயக்கூடாது, ஆழம் குறைந்த இடத்தில் கழுத்து முறியும். நீருக்குள் இருக்கும்போதும் மேலே வரும்போதும் இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பலகை திரும்பிவந்து தாக்கக்கூடும். இதையும் புல்தரையில் பழகுங்கள். சிறுவர்கள் இதனை மிக மகிழ்ந்து செய்வார்கள்!

ஆயினும் தரை ஆடுவதில்லை, மூச்சை அடைப்பதுமில்லை. திடலில் நூறு முறை எழுந்து நின்றவன் நீரில் மூன்று மீட்டர்கூட நீந்த மாட்டாதவனாக இருக்கலாம். நீச்சல் அறியாத பிள்ளை இப்பயிற்சியை நம்பிக் கடலுக்குள் இறங்கவே கூடாது. இதனை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நான் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னாலிருந்த குளத்தில் வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்டு நழுவிற்று. கரையில் நின்ற என் தோழர்கள் அலறினார்கள். ஒருவன் குதிக்கவும் முற்பட்டான். பால் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவனைப் பிடித்து நிறுத்திவிட்டு, வாளிகளை இறக்கி, காண்டாக் கம்பை நீட்டினார். நான் பற்றிக்கொண்டேன். அன்றைய பால் பாதி தரையில் கொட்டிப்போனது. அதற்காக அவருக்குக் கூலியில் பிடித்தம் செய்யப்பட்டதைப் பின்னாளில் என் தாயார் சொல்லி அறிந்தேன்.

அவருக்கும் நீச்சல் தெரியாது. அவர் செய்ததே சரியான முறை. மூழ்குபவனைக் காக்க நீச்சல் அறியாதவர் குதித்தால் இரு உயிர் போகும். கம்பு, கயிறு, வேட்டி, சேலை எதையாவது நீட்டலாம். மூடியிட்ட காலி எண்ணெய்க் கலனை வீசினால் அதைப் பற்றி மிதக்கலாம். நீட்டுபவர் நிற்கக்கூடாது, தரையில் படுத்துக்கொண்டு நீட்டவேண்டும், இல்லையேல் தாமும் உள்ளே இழுக்கப்படுவார்.

கடலில் நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்துக் கரைநோக்கி நீந்திக் களைக்க வேண்டாம். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். இழுப்பு பெரும்பாலும் குறுகிய அகலமே உடையது. அதைக் கடந்தபின் கரைநோக்கித் திரும்பலாம்.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. நம் மக்கள் பலர் நகரங்களில் குடியேறிவிட்டார்கள். நகரத்தில் நீச்சல் குளமும் பயிற்சியாளரும் கிடைக்கின்றனர். பெற்றோர்கள் அடுத்த விடுமுறைக்குக் கடற்கரைப் பயணம் திட்டமிடும்போது, சோற்றுப் பொட்டலங்களுடன் நீண்ட கயிறு ஒன்றையும் மூடியுள்ள காலிக் கலன் ஒன்றையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளட்டும். பிள்ளைகள் தரைப்பயிற்சியை மணலில் செய்து காட்டட்டும்.