படகில் ஏன் கொப்புளம்?

கண்ணாடித் தம்ளர் கைநழுவி விழுந்தால் சுக்குநூறாகிவிடும். அதே கண்ணாடியை இழையாக்கிச் செய்த ஃபைபர் படகோ அலையில் மோதியும் மணலில் உரசியும் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. இது எப்படி?

கண்ணாடியின் பலவீனம் அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களில் இருக்கிறது. இழுவிசை கீறலின் முனையில் குவிந்து பிளவை வளர்க்கும். 1920-களின் தொடக்கத்தில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை இழைகளாக இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய, அதே குறுக்குப் பரப்புக்கு அது தாங்கும் விசை கூடியது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமேது?

ஆனால் வெறும் இழை துணிபோலத் துவளும். அதை இறுக்கிப் பிடிப்பது பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசின். ஓர் இழை அறுந்தாலும் அதன் சுமையைப் பக்கத்து இழைகளுக்கு மாற்றிவிடுவது இதுதான்.

படகு கட்டுவோர் முதலில் அச்சில் மெழுகு தேய்க்கிறார்கள். அதன்மேல் சுமார் அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஜெல்கோட் என்ற பிசின் பூச்சு. இதுவே பின்னர் படகின் வெளித்தோல். பூச்சு இறுகியதும் கண்ணாடி இழைப் பாயை விரித்து, பாயின் எடையைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு பிசினைத் தோய்த்து, உருளையால் அழுத்துகிறார்கள். வெண்மையான பாய் மெல்லத் தெளிகிறது. கண்ணாடிக்கும் பிசினுக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ ஒன்றே என்பதால் ஒளி சிதறாமல் செல்கிறது. எங்கேனும் வெண்மை எஞ்சினால் அங்கே காற்று அடைபட்டிருக்கிறது என்று பொருள். (ஒளியியல் படிக்கும் உங்களுக்கு நல்ல தேர்வுக் கேள்வி!)

பிசினை இறுகச் செய்யும் திரவத்தை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே சேர்க்க வேண்டும். மிகுந்தால் வெப்பம் பெருகிப் பிசின் வெடிப்புவிடும். குறைந்தால் சரியாக இறுகாது. இந்தத் திரவத்தையும் வினையை விரைவுபடுத்தும் கோபால்ட் கரைசலையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும்.

அவசரத்தில் விட்ட காற்றறைகளின் விளைவு பிறகுதான் தெரியும். நீர் மூலக்கூறுகள் ஜெல்கோட்டின் வழியே மிக மெதுவாக உள்ளே ஊடுருவுகின்றன. அறையில் தேங்கிய நீரில், வினைபுரியாமல் மிஞ்சிய பொருள்கள் கரைகின்றன. உள்ளே செறிந்த கரைசல், வெளியே நீர்த்த கரைசல், நடுவே சவ்வுபோல ஜெல்கோட்! பாடத்தில் படித்த சவ்வூடு பரவல் இங்கே நடக்கிறது. மேலும் மேலும் நீர் புகுந்து, அழுத்தம் ஏறி, தோல் கொப்புளமாக எழும்புகிறது. அதைக் குத்தினால் வரும் நீரில் பெரும்பாலும் காடி வாசனை அடிக்கும். உப்பற்ற ஏரிநீரில் செறிவு வேறுபாடு அதிகம். ஆகவே கடலைவிட அங்கே கொப்புளம் விரைவில் தோன்றும்.

நம் கடற்கரையில் தொல்லை வேறு விதம். மணலில் இழுக்கும் படகின் அடிப்பகுதியில் ஜெல்கோட் தேய்ந்து, இழை வெளியே தெரியும். நீர் அந்த இழையோரமாகவே உள்ளே ஊறும். அதனால்தான் அடியில் கூடுதல் அடுக்குகள் வைக்கிறார்கள். தேய்ந்த இடத்தைச் சுரண்டி, நன்கு உலரவைத்த பிறகே புதுப் பிசின் பூச வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் அது ஒட்டாது, சில நாளில் உரிந்துவிடும்.