தமிழுக்கு எந்த விசைப்பலகை? நெசவு ஊர் ஆரணியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கணினியில் தமிழ் எழுத இன்று நான்கு விசைப்பலகை முறைகள் பரவலாகப் புழங்குகின்றன: தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட், அஞ்சல் எனப்படும் ஒலிபெயர்ப்பு முறை, தமிழ்99. திரையில் வருவது எல்லாவற்றிலும் ஒரே தமிழ்தான். விரலுக்கும் நினைவுக்கும் அவை வைக்கும் வேலைதான் வேறு. திருவண்ணாமலை மாவட்டத்தின் பட்டு நெசவு ஊரான ஆரணியில் இந்தத் தேர்வு அன்றாடத் தேவையாகிவிட்டது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கூலிப் பட்டியல் எழுத வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை வெளியூருக்கு விற்பவர் சேலையின் விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அச்சகத்தில் திருமண அழைப்பிதழ் அடிக்க வேண்டும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை அரசுத் தேர்வுக்குத் தட்டச்சு பழக வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் ஒரே விடை பொருந்தாது.

அடிப்படைச் சிக்கல்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று தமிழ் எழுத்துகள் 247. ஆங்கில விசைப்பலகையில் எழுத்துக்கும் குறிகளுக்கும் உள்ள விசைகள் ஐம்பதுக்குள் அடங்கிவிடும். எழுத்துக்கு ஒரு விசை வைக்க முடியாது. ஆனால் முப்பது முதலெழுத்துகளையும் ஆய்தத்தையும் வைத்துவிட்டால் மற்றவை அவற்றின் சேர்க்கையில் பிறந்துவிடும். தமிழின் இந்த ஒழுங்கை எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன என்பதில்தான் நான்கு முறைகளும் வேறுபடுகின்றன.

ஜப்பானியருக்கு இதைவிடப் பெரிய சிக்கல். ஒலியைக் குறிக்கும் அடிப்படைக் கானா எழுத்துகளே 46. அவற்றோடு, பொருளைக் குறிக்கும் ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்துகளும் உண்டு. ஒலியைத் தட்டினால் கணினியே காஞ்சிக்கு மாற்றித் தரும் வழியை 1978இல் தோஷிபா நிறுவனத்தின் ஜேடபிள்யூ-10 என்ற சொற்செயலி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1980இல் ஃபுஜித்சு நிறுவனம் கட்டைவிரல்களால் எழுத்து மாற்றும் ஒரு விசைப்பலகையை வெளியிட்டது. வேகமாகத் தட்டுவோர் அதைப் போற்றினார்கள். ஆனாலும் பெரும்பாலான மக்கள், கையில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஜப்பானிய ஒலியைத் தட்டும் ரோமாஜி முறைக்கே போனார்கள். கட்டைவிரல் முறைக் கருவிகளின் விற்பனையை 2021இல் ஃபுஜித்சு முடித்துக்கொண்டது. ஆகவே ஒரு முறையின் தரத்தைப் பார்ப்பதோடு, தட்டப்போகிறவர் ஏற்கெனவே என்ன பழகியிருக்கிறார் என்பதையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தட்டச்சு முறை

தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன ஆர். முத்தையா. புள்ளி, மேல்விலங்கு போன்றவற்றை அடிக்கும்போது தாள் நகராதபடி அவர் அமைத்த நகரா விசைகள்தான் இத்தனை எழுத்துகளை ஒரே பொறிக்குள் அடக்கின. 1978இல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் ணை, லை, னை, றா, னா போன்றவற்றின் புதிய வடிவங்களுக்கேற்ப இந்த முறையும் திருத்தம் பெற்றது. கணினியில் பழைய தட்டச்சு, புதிய தட்டச்சு என இரண்டு பெயர்கள் காணப்படுவது இதனால்தான்.

இதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் விழுகின்றன. ‘கோ’ என்று அடிக்க முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க, அதன்பின் கால். தட்டச்சுப் பயிலகத்தில் ய, ள, ன, க என்று தொடங்கி விரல் பழகியவருக்கு இது இயல்பாக வரும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளுக்கும் அரசுத் தட்டச்சர் பணிக்கும் இந்தப் பயிற்சியே வழி. புதிதாகக் கற்பவருக்கோ சுமை அதிகம்: முதலெழுத்துகளோடு கால், கொம்பு, விலங்கு, சுழி ஆகியவற்றுக்கும், டு, ரு போன்ற சில உயிர்மெய்களுக்கும் தனி இடங்களை நினைவில் வைக்க வேண்டும்.

இன்ஸ்கிரிப்ட்

1986இல் இந்திய அரசின் மின்னணுத் துறை வகுத்த முறை இது. இந்திய மொழிகள் அனைத்திலும் ஒரே ஒலிக்கு ஒரே விசை என்பது இதன் கொள்கை. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். தெலுங்கில் க அடித்த இடத்திலேயே தமிழிலும் க கிடைக்கும். விண்டோஸ் 2000 முதலே கணினியோடு இது வருவதால் தனி மென்பொருள் தேவையில்லை.

ஆனால் வர்க்க எழுத்துகள் நிறைந்த வடஇந்திய மொழிகளை மனத்தில் கொண்டே இது வரையப்பட்டது. தமிழில் வரிக்கு வரி வரும் ன, ண, ற, ள ஆகியவையும் ழகரமும் ஷிஃப்ட் விசையோடு அடிக்க வேண்டிய இடங்களில் உள்ளன. தமிழுக்குத் தேவைப்படாத வர்க்க எழுத்துகளின் விசைகளோ வெறுமையாகக் கிடக்கின்றன. புள்ளியையும் ஒவ்வொரு முறையும் தனியாகத் தட்ட வேண்டும். ஆந்திர வியாபாரிகளுக்குத் தெலுங்கிலும் உள்ளூருக்குத் தமிழிலும் எழுத வேண்டிய கணக்கருக்கு இது வசதி. தமிழ் மட்டும் எழுதுபவர் இதைத் தேர்வதற்குக் காரணம் குறைவு.

அஞ்சல்: ஒலிபெயர்ப்பு முறை

மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் பெயரால் இந்த முறை அறியப்படுகிறது. தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக விழும். ஆங்கில விசைகளின் இடம் தெரிந்தவர் அன்றே எழுதத் தொடங்கிவிடலாம் என்பதே இதன் பெரும் பலம்.

பலவீனமும் அங்கேதான். ஒலியில் நெருங்கிய தமிழ் எழுத்துகளைப் பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் எழுத்து போதவில்லை. சிறிய எல் லகரம், பெரிய எல் ளகரம், இசட் ழகரம். சிறிய ஆர் ரகரம், பெரிய ஆர் றகரம். சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் நகரம் தானாகவே வரும். ‘செந்நிறம்’ போன்ற சொல்லின் நடுவில் அதற்கு டபிள்யூ விசை தேவை. தமிழ்ச் சொல் நினைவில் எழுந்ததும் அதை ஆங்கில எழுத்தாக மாற்றி, பிறகே விரல் நகர்கிறது. நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதுபவருக்கு இந்த இடைவேலை வீண் சுமை. தமிழில் எழுதப் பழகும் சிறுவர்களுக்கோ எழுத்துக்கூட்டும் பழக்கமே ஆங்கிலத்தின் வழியாகப் போய்விடும்.

தமிழ்99

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் உருப்பெற்று, அதே ஆண்டில் தமிழக அரசின் ஏற்பைப் பெற்ற முறை இது. பிற மொழிக்காக வரைந்த ஒன்றைத் தழுவாமல், தமிழ் எழுத்தின் இலக்கணத்தையே அடித்தளமாகக் கொண்டது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். மிகுதியாக வரும் அ, இ, உ, க, ப, ம, த ஆகியவை விரல்கள் ஓய்ந்திருக்கும் நடு வரிசையில் அமைந்துள்ளன. புள்ளி இடக்கைச் சுட்டுவிரலின் கீழே. மெய்யும் உயிரும் மாறி மாறி வரும் மொழியில் இரு கைகளும் மாறி மாறி இயங்குவதால் களைப்பு குறைகிறது.

இதன் தனிச்சிறப்பு தானியங்கிப் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானே ஏறிக்கொள்ளும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இன எழுத்து இணைகளிலும் அப்படியே. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் அகரத்தைத் தட்டினால் போதும். ‘பப்பாளி’யின் முதல் பகரத்துக்குப் பின் அப்படிச் செய்ய வேண்டும். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு ஷிஃப்ட் தேவை. விசைகளின் இடம் முற்றிலும் புதிது என்பதால் தொடக்க நாட்களில் வேகம் குறையும். இந்த முறையின் விலை அது ஒன்றுதான்.

தறிச் சொற்களை வைத்து ஓர் ஒப்பீடு

நெசவுத் தொழிலில் நாளும் புழங்கும் நான்கு சொற்களுக்கு எத்தனை தட்டல் என்று எண்ணினால் வேறுபாடு தெளிவாகும். ஷிஃப்ட் அழுத்தம் இதில் சேரவில்லை.

- பட்டு: தமிழ்99 – 4, அஞ்சல் – 5, இன்ஸ்கிரிப்ட் – 5
- முந்தி: தமிழ்99 – 5, அஞ்சல் – 6, இன்ஸ்கிரிப்ட் – 6
- ஜரிகை: தமிழ்99 – 5, அஞ்சல் – 7, இன்ஸ்கிரிப்ட் – 5
- கோர்வை: மூன்றிலும் 6

கூட்டினால் தமிழ்99க்கு 20, இன்ஸ்கிரிப்டுக்கு 22, அஞ்சலுக்கு 24. இன்ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டால், ‘பட்டு’, ‘முந்தி’ இரண்டிலும் மிச்சமானது தானியங்கிப் புள்ளியால். நான்கு சொற்களில் இது சிறிய தொகை. ஒரு சங்கத்தின் மாதக் கணக்கு முழுவதையும் எழுதும் கைக்கு இது பெரிய ஓய்வு. தட்டச்சு முறையில் சில உயிர்மெய்கள் ஒரே விசையில் விழுவதால் எண்ணிக்கை இவற்றோடு போட்டியிடும். ஆனால் அதற்கான நினைவுச் சுமையை முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும்.

கைபேசியில்

தறி மேடையிலும் கடையிலும் கணினியைவிடக் கைபேசியே கைக்கு எட்டும் கருவி. அதில் பத்து விரலும் இயங்குவதில்லை. ஒன்றோ இரண்டோ விரல்தான். எனவே இரு கைகளின் சமநிலை இங்கே பொருட்டில்லை. எழுத்து கண்ணுக்குத் தெரிவதே முக்கியம். தமிழ்99 பலகையில் தமிழ் எழுத்துகளே திரையில் தெரிவதால் ஆங்கிலம் படிக்காதவரும் தேடித் தட்டலாம். செல்லினம் செயலியில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உண்டு. ஐபோனில் 2013 முதல் இவ்விரண்டும் உள்ளமைந்தே வருகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை, விரலால் எழுதிக் காட்டினாலும் வாயால் சொன்னாலும் தமிழாக்கித் தருகிறது.

ஒரு வரிச் செய்திக்குக் குரல்வழி எழுத்து போதும். ஆனால் தறியின் ஓசைக்கு நடுவே அது தடுமாறும். பேட்டு, புட்டா, கோர்வை போன்ற தொழிற்சொற்களையும் ஆட்பெயர்களையும் அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது கட்டாயம். விலையும் அளவும் எழுதும் செய்திகளைத் தட்டி எழுதுவதே பாதுகாப்பு.

குறியாக்கம்: மறக்கக் கூடாத மறுபாதி

விசைப்பலகை நுழைவாயில்தான். உள்ளே எழுத்து எந்தக் குறியாக்கத்தில் சேமிக்கப்படுகிறது என்பது அதைவிட முக்கியம். பழைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியாக்கத்தைக் கொண்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். பெயரைத் தேடினால் கிடைக்காது. இதற்குத் தீர்வு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. நான்கு விசைப்பலகை முறைகளிலும் யூனிகோடில் எழுத முடியும். தட்டச்சு பழகியவர் யூனிகோடுக்காகத் தன் முறையைக் கைவிடத் தேவையில்லை. சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் இந்த முறைகளை ஒரே இடத்தில் தருகிறது, மாற்றிக்கொள்வதும் எளிது.

பேஜ்மேக்கரில் அழைப்பிதழ் அமைக்கும் அச்சகங்கள் மட்டும் விதிவிலக்கு. அந்த மென்பொருள் யூனிகோடைக் கையாளாது. அங்கும் மூலப்படியை யூனிகோடில் எழுதி வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும்போது மாற்றியைக் கொண்டு பழைய குறியாக்கத்துக்கு மாற்றுவது நல்லது. இன்டிசைனின் புதிய பதிப்புகளுக்கு மாறினால் அந்த மாற்றமும் தேவைப்படாது.

யாருக்கு எது

- தட்டச்சுத் தேர்வு எழுதுபவரும், ஏற்கெனவே தட்டச்சு பழகிய எழுத்தரும்: தட்டச்சு முறையே, யூனிகோடு வெளியீட்டுடன்.
- தமிழோடு தெலுங்கும் இந்தியும் அடிக்க வேண்டியவர்: இன்ஸ்கிரிப்ட்.
- ஆங்கிலத் தட்டச்சு சரளமாக வந்து, தமிழில் எப்போதாவது சில வரிகள் மட்டும் எழுதுபவர்: அஞ்சல்.
- கூட்டுறவுச் சங்கக் கணக்கர், கடையில் நாளும் தமிழில் எழுதுபவர், பள்ளி மாணவர், புதிதாகத் தொடங்கும் எவரும்: தமிழ்99.
- தட்டவே தயங்கும் மூத்த நெசவாளர்: கைபேசியில் விரலெழுத்து அல்லது குரல்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு நடைமுறைகள் உதவும். ஒன்று, முறையை இடையில் மாற்றாமல் நாள்தோறும் அரைமணி நேரமாவது தொடர்ந்து பழகுவது. இரண்டு முறைகளை ஒரே சமயத்தில் பழகினால் விரல் குழம்பும். மற்றொன்று, பயிற்சிக்கு அன்றைய கூலிக் கணக்கு, சேலை விவரம், கடிதம் என்று உண்மையான வேலையையே எடுத்துக்கொள்வது. விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டுவில்லைகளை ஒட்டிக்கொள்ளலாம். விரல் பழகியதும் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

பழைய பழக்கமோ தேர்வுக் கட்டாயமோ இல்லாத ஒருவருக்குத் தமிழ்99ஐவிடச் சிறந்த தேர்வு இன்று இல்லை. தமிழின் எழுத்தொழுங்கை அறிந்து அமைக்கப்பட்டது அது. ஆங்கிலம் தெரிய வேண்டிய தேவையும் அதில் இல்லை. வீட்டில் தமிழ் எழுதத் தொடங்கும் பிள்ளை இருந்தால், முதல் நாளிலேயே அந்தப் பலகையை அமைத்துக் கொடுங்கள்.