ஏரியும் மதகும்: மகிழுந்துச் சேமக்கலம்

2012-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அதிகாலையில் வடஇந்திய மின்தொகுப்பு செயலிழந்தது. மறுநாள் நண்பகலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் நின்றுபோயின. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். தில்லியில் மெட்ரோ தொடர்வண்டிகள் நின்றன. சாலைச் சந்திப்புகளின் விளக்குகள் அணைந்தன. ஆயினும் இன்வெர்ட்டர் இருந்த வீடுகளில் மின்விசிறிகள் சுழன்றன. சிறிய இன்வெர்ட்டர்களுக்கு ஆற்றல் தருவது பெரும்பாலும் 12 வோல்ட் சேமக்கலமே. மகிழுந்தை உயிர்ப்பிக்கும் சேமக்கலமும் அதே இனத்தைச் சேர்ந்தது.

பள்ளிகளின் அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் மாணவர் செய்யும் சிறு கருவிகள் பலவும் 5 வோல்ட்டில் இயங்குவன. அவற்றை 12 வோல்ட் சேமக்கலத்தால் இயக்குவது எவ்வாறு?

ஏரியின் நீர்மட்டம்

தமிழகத்துச் சிற்றூர்களில் மழைநீரை ஏரியில் தேக்கி, மதகு வழியே வயலுக்கு விடுவர். சேமக்கலமும் ஓர் ஏரி போன்றதே. நீர்மட்டத்தின் உயரத்தை மின்னழுத்தமாகவும், பாயும் நீரை மின்னோட்டமாகவும் கொள்ளலாம்.

ஈய-அமிலச் சேமக்கலத்தை 1859-இல் உருவாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே. நீர் கலந்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகள் அமைந்த ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். மகிழுந்துச் சேமக்கலத்தில் இத்தகைய அறைகள் 6 தொடராக இணைந்துள்ளன. ஆகவே முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 12.6 வோல்ட்.

இம்மட்டம் நிலையானதன்று. எஞ்சின் ஓடும்போது மின்னேற்றம் நடைபெறுவதால் 14 வோல்ட்டை ஒட்டி உயரும். எஞ்சினைத் தொடங்கும் நொடியில் 10 வோல்ட் அளவிற்கும் தாழும். ஆதலால் 12 வோல்ட் கருவியாயினும், இவ்வேற்றத்தாழ்வைத் தாங்குமா என அறிந்த பின்னரே இணைத்தல் வேண்டும்.

மதகின் பணி

எஞ்சினைத் தொடங்கச் சேமக்கலம் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்லது. அவ்வளவும் சிறு கருவிக்குள் பாய்ந்துவிடுமோ எனச் சிலர் அஞ்சுவர். அவ்வாறு பாயாது. ஏரி எவ்வளவு பெரிதாயினும், வாய்க்கால் கொள்ளும் நீரே அதில் ஓடும். உரிய மின்னழுத்தம் கிடைத்தால், கருவி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும். மின்னழுத்தம் மிகுந்தால்தான் கருவி கெடும். எனவே 12-ஐ 5 ஆகக் குறைக்கும் மதகு தேவை. அதுவே மின்னழுத்தச் சீராக்கி.

சீராக்கி இரு வகைப்படும். 7805 என்னும் மூன்று கால் சீராக்கி, மிகையான 7 வோல்ட்டை வெப்பமாக மாற்றிவிடும். 1 ஆம்பியர் பாயும்போது கருவிக்குக் கிடைப்பது 5 வாட். வீணாகும் வெப்பமோ 7 வாட்! நிலைமாற்றுச் சீராக்கி இதனினும் சிக்கனமானது. மின்னோட்டத்தை ஒரு நொடியில் பல்லாயிரம் முறை திறந்தும் மூடியும் அளவிட்டுத் தருவதால், அதன் பயனுறுதிறன் 90 விழுக்காட்டை ஒட்டி அமையும்.

இன்வெர்ட்டர் வழியே கைப்பேசிக்கு மின்னேற்றினால் 12 வோல்ட் 230 வோல்ட்டாக உயர்ந்து, பின்னர் 5 வோல்ட்டாக இறங்குகிறது. ஏரி நீரைக் குன்றின் மேல் ஏற்றி, மீண்டும் வயலுக்கு இறக்குவது போன்றது இது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது ஆற்றல் வீணாகும்.

கரை உடைந்தால்

12 வோல்ட் உலர்ந்த தோலில் பொதுவாக அதிர்ச்சி தருவதில்லை. அதனால் அதில் தீங்கே இல்லை எனக் கருதுவது பெரும்பிழை. ஓர் இரும்புத் திருகி இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால், கரை உடைந்த ஏரிபோல் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். கம்பி பழுக்கக் காயும், தீயும் பற்றும். கையில் மோதிரமோ வளையலோ இருந்தால் சதை வெந்துவிடும். மின்னேற்றும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறியாலும் வெடிக்கக்கூடும்.

ஆதலின் முதலில் இணைக்க வேண்டியது மின்னுருகி. அது நேர்முனைக்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். அதற்கு அப்பால் கம்பி எங்கே பழுதுபட்டாலும், உருகி தான் உருகிக் கம்பியைக் காக்கும். முனைகளை மாற்றி இணைத்தாலும் கருவி பழுதாகும்; குறி பார்த்தே இணைக்க வேண்டும். இச்செயல்களை ஆசிரியரோ பெரியவரோ உடனிருக்கும்போது மட்டுமே செய்தல் வேண்டும்.

இருப்பறிந்து செலவிடல்

40 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சேமக்கலம், 12 வோல்ட்டில் இயங்கும் 6 வாட் விளக்கை எத்தனை மணி நேரம் எரிக்கும்? விளக்கு எடுப்பது 0.5 ஆம்பியர்; கணக்கின்படி 80 மணி நேரம் எரிய வேண்டும். ஆனால் மகிழுந்துச் சேமக்கலம் எஞ்சினைத் தொடங்கும் கணநேரப் பணிக்காக மெல்லிய தகடுகளால் ஆனது. அடிக்கடி வற்றவிட்டால் விரைவில் கெடும். பாதி இருப்பை மட்டும் செலவிடுவது நன்று. அவ்வாறாயின் 40 மணி நேரமே. நெடுநேரம் சிறுகச் சிறுக ஆற்றல் தரும் பணிக்குத் தடித்த தகடுகள் கொண்ட இன்வெர்ட்டர் சேமக்கலம் ஏற்றது.

ஏரியைக் கட்டியவர் மதகையும் கட்டினர், கரையையும் காத்தனர். சேமக்கலத்தைக் கையாள்வோருக்கும் சீராக்கியும் உருகியும் அவ்வாறே இன்றியமையாதவை.

சொற்பொருள்

மகிழுந்து – கார்
சேமக்கலம் – மின்னேற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பேட்டரி
மதகு – ஏரி நீரை அளவாக வெளியேற்றும் வாயில்
மின்னுருகி – ஃபியூஸ்
திருகி – ஸ்பானர்

பயிற்சி

1. மின்னுருகியை நேர்முனைக்கு அருகில் அமைப்பது ஏன்?
2. ஏரி, மதகு, கரை உடைப்பு ஆகியவை பாடத்தில் எவற்றுக்கு உவமையாயின?
3. தில்லிச் சாலைகளில் ஓடும் மின்ரிக்‌ஷா ஒன்றில் 12 வோல்ட் சேமக்கலங்கள் 4 தொடராக இணைந்துள்ளன. மொத்த மின்னழுத்தம் எவ்வளவு?
4. 36 ஆம்பியர்-மணிச் சேமக்கலத்தின் பாதி இருப்பைக் கொண்டு, 12 வோல்ட்டில் இயங்கும் 3 வாட் விளக்கை எத்தனை மணி நேரம் எரிக்கலாம்?