தட்டில் தேங்கும் ஆபத்து

சிங்கப்பூரில் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வெப்பமான மாதங்களில் டெங்கிக் காய்ச்சல் வழக்கமாக அதிகம் பரவும். இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரையே நாடும். 20 காசு நாணயம் அளவு நீர் இருந்தாலும் அதற்குப் போதும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 நாள்களே ஆகும்.

பூந்தொட்டித் தட்டிலுள்ள நீரைக் கொட்டினால் மட்டும் போதுமா? போதாது. முட்டைகள் தட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீரின்றிப் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரியும். எனவே, தட்டு, பூச்சாடி, வாளி ஆகியவற்றின் உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். பயன்படுத்தாத வாளிகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு வீட்டாரின் கவனக்குறைவு அண்டை வீட்டாரையும் நோயில் தள்ளக்கூடும்.