ஒலிவழிக் கருத்துரையும் புறத் தேர்வாளர் பணியும்

ஒரு பட்டத்தின் தரத்தை அதனை வழங்கும் பல்கலைக் கழகம் மட்டுமே நிர்ணயிப்பது போதாது. வெளியார் ஒருவரும் அதைச் சரிபார்த்தல் வேண்டும் என்பது பிரிட்டிஷ் உயர் கல்வியின் பழைய நெறியாகும். 1832இல் நிறுவப்பட்ட டர்ஹாம் பல்கலைக் கழகம், தனது பட்டம் ஆக்ஸ்போர்டுப் பட்டத்துக்கு நிகரானதே என உறுதி செய்யும் பொருட்டு, ஆக்ஸ்போர்டிலிருந்து தேர்வாளர்களை வரவழைத்தது. இன்றைய புறத் தேர்வாளர் பொதுவாக மதிப்பெண் இடுவதில்லை. மாதிரிக்கு எடுத்த விடைகளையும் அவற்றின் மீது ஆசிரியர் எழுதிய கருத்துரைகளையும் படித்து, மதிப்பீடு முறையாக நடந்ததா என்று அறிக்கை தருகிறார். எனவே, ஆசிரியரின் ஓரக் குறிப்புகளே அவருக்குரிய முக்கியச் சான்று.

2005இல் பிரிட்டனில் தேசிய மாணவர் கருத்தாய்வு தொடங்கியபோது, மதிப்பீடும் கருத்துரையும் பற்றிய பகுதியிலேயே மாணவரின் மனக்குறை மிகுதியாகத் தென்பட்டது. இதற்குப் பரிகாரமாகப் பல ஆசிரியர்கள் கருத்துரையைப் பேசிப் பதிவு செய்யலாயினர். 2008இல் லீட்ஸ் மெட்ரோபாலிடன் பல்கலைக் கழகத்தில் தொடங்கிய ‘சவுண்ட்ஸ் குட்’ திட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. மாணவர்கள் பதிவுகளை விரும்பினர். ஆசிரியரின் நேரம் எல்லா இடத்திலும் மிச்சமாகிவிடவில்லை. மெதுவாக எழுதுவோருக்கே அது கைகொடுத்தது.

புறத் தேர்வாளரின் நிலை வேறு. எழுத்துக் குறிப்பை ஒரு பார்வையில் மேயலாம். ஒலிப்பதிவை அவ்வாறு மேய இயலாது. ஐந்து நிமிடப் பதிவுகள் முப்பது எனில், இரண்டரை மணி நேரம் கேட்டாக வேண்டும். விடையைப் படிக்கும் நேரம் இதில் சேராது. இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. பேசும் ஆசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அழைத்து ஊக்குவிக்கிறார். பெயர் மறைத்துத் திருத்தும் முறை அங்கேயே குலைகிறது. மதிப்பெண்ணுக்கான காரணமும் அந்தக் கனிவில் மறைந்துவிடுகிறது. பிரிட்டனில் 60 பெற்றால் இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு, 59 எனில் கீழ்ப்பிரிவு. 59 பெற்ற மாணவரிடம் ‘மிக நன்று’ என்று கூறும் குரல், அந்த ஒரு மதிப்பெண் ஏன் கிடைக்கவில்லை என்பதை விளக்காவிடில், புறத் தேர்வாளர் எதைக் கொண்டு தீர்ப்புக் கூறுவார்?

மதிப்பீட்டு அளவுகோல்களை வரிசைப்படுத்திய ஒரு பக்கப் படிவத்தைப் பதிவுடன் இணைப்பது எளிய வழி. ஆனால் அதை நிரப்பும் வேலை, பேசுவதால் மிஞ்சிய நேரத்தை விழுங்கக்கூடும். பதிவை இயந்திரத்தின் மூலம் எழுத்தாக்கலாம்; கலைச் சொற்களில் அது தடுமாறுவதால் ஆசிரியர் சரிபார்த்தே ஆகவேண்டும்.

இந்தியாவின் பிரச்சினை இதற்கு முந்தைய படியில் நிற்கிறது. இங்குப் புறத் தேர்வாளர் பெரும்பாலும் தாமே விடைத்தாளைத் திருத்துபவர். அவரது மதிப்பெண் மாணவருக்கு எட்டும். காரணம் அரிதாகவே எட்டும். திருத்திய விடைத்தாளைப் பார்வையிடும் உரிமையே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான் உறுதியாயிற்று. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் மாணவர் பல தாள்களில் காண்பது எண்களை மட்டுமே. குரலா, எழுத்தா என்னும் விவாதம் அவருக்கு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.