விகார யாத்திரையும் தம்ம யாத்திரையும்



வெளியூரிலிருந்து பெருநகரொன்றிற்குச் செல்வோர் அந்நகரைச் சுற்றிப் பார்க்க விரும்புதல் இயல்பே. ஆயினும் எதைக் காண்பது, எவ்வாறு காண்பது, கண்டபின் யாது செய்வது என்னும் மூன்று வினாக்களையும் எண்ணாமல் வண்டியேறுவோரே பலர். காலையில் ஏறி மாலையில் இறங்கும்போது அவர் கையிற் சில படங்களும் காலிற் சிறிது வலியும் மிஞ்சுகின்றன. நெஞ்சில் மிஞ்சுவது மிகக் குறைவு.

நம் அன்பர்கள் பலர் டிசம்பர் 6ஆம் நாளையொட்டி மும்பை சென்று, தாதரிலுள்ள சைத்திய பூமியில் அண்ணல் அம்பேத்கருக்கு வணக்கம் செலுத்தித் திரும்புகின்றனர். அதன்பின் எஞ்சும் ஓரிரு நாளில் நகரைக் காண விழைகின்றனர். அவர்கட்குப் பயன்படும் வண்ணம் இப்பாடத்தை எழுதுகின்றோம்.

1. மன்னர் ஒருவரின் பயணம்

பயணத்தைப் பற்றி நம் நாட்டிற் கல்லிற் பொறிக்கப்பெற்ற பழம்பாடங்களுள் ஒன்று அசோக மன்னருடைய எட்டாம் பாறைச் சாசனம். அதன் கருத்து வருமாறு: முற்காலத்து மன்னர்கள் விகார யாத்திரை சென்றனர், வேட்டையும் அதுபோன்ற களியாட்டங்களுமே அதன் பயனாயிருந்தன. அசோகரோ முடிசூடிப் பத்தாண்டுகள் சென்றபின் சம்போதிக்குச் சென்றார். அன்று தொடங்கியது தம்ம யாத்திரை.

இங்கு விகாரம் என்னும் சொல் பிக்குகள் உறையும் விகாரையைக் குறிப்பதன்று. மனம்போன போக்கில் உலாவி மகிழ்தலைக் குறிப்பது. இவ்வேறுபாட்டை மறவாது கொள்க.

தம்ம யாத்திரையில் மன்னர் செய்தவை யாவை? துறவோரையும் அந்தணரையும் கண்டு கொடை வழங்கினார். முதியோரைக் கண்டு பொன் அளித்துப் பேணினார். நாட்டுப்புற மக்களைச் சந்தித்தார். அவர்களுக்கு அறம் உரைத்தார். அறத்தைப் பற்றி அவர்களோடு உசாவினார். ஊர் பார்க்கச் சென்ற மன்னர் கட்டடங்களைக் கண்டதாகச் சொல்லவில்லை. மனிதரைக் கண்டதாகவே சொல்லுகின்றார். இஃதே நம் பாடத்தின் முதற் கருத்து.

இச்சாசனத்தின் துண்டு ஒன்று மும்பைக்கு அருகிலேயே கிடைத்தது. நகரின் வடக்கேயுள்ள நாலா சோபாரா, பண்டைக்காலத்திற் சூர்ப்பாரகம் என்னும் துறைமுகப் பட்டினமாக விளங்கியது. 1882ஆம் ஆண்டில் பகவான்லால் இந்திராஜி என்னும் அறிஞர் அவ்வூரிலிருந்த தூபியை அகழ்ந்தார். கற்பேழையினுள் செம்பு, வெள்ளி, கல், படிகம், பொன் ஆகியவற்றாலான பேழைகள் ஒன்றனுள் ஒன்றாக வைக்கப்பெற்றிருந்தன. எட்டாம் சாசனத் துண்டும் அதே ஆண்டில் வெளிப்பட்டது. ஒன்பதாம் சாசனத் துண்டு 1956இற் கிடைத்தது. இன்று இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து இரயிலேறும் நிலையமாக மட்டுமே நாம் அறிந்துள்ள ஊர், ஒரு காலத்தில் பயணம் எவ்வாறு அமையவேண்டும் என்று கற்பித்த ஊராக இருந்தது.

2. சுற்றுலா வண்டி காட்டும் நகரம்

வழக்கமான சுற்றுலா வண்டி, இந்தியாவின் நுழைவாயிலிலிருந்து புறப்படும். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியாரும் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பப்பெற்ற வாயில் அது. மன்னர் வந்தபோது அவ்வாயில் கட்டப்பெறவில்லை. 1924இலேதான் அது திறக்கப்பெற்றது. 1948 பிப்ரவரி 28இல் பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு அதன் வழியாகவே கப்பலேறிச் சென்றது. வரவேற்கக் கட்டிய வாயில், 24 ஆண்டுகளுக்குள் வழியனுப்பும் வாயிலாயிற்று. அநிச்சம் என்பதற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமோ!

அங்கிருந்து படகேறிச் சென்றால் எலிபெண்டாத் தீவு. அங்குள்ள மூன்று முகங் கொண்ட சிவனுருவை உலகமே அறியும். அத்தீவின் கிழக்குக் குன்றிற் பழைய பௌத்தத் தூபி மேடு இருப்பதை அறிவார் சிலரே. தீவுக்கு அப்பெயரைத் தந்த கல்யானை இப்போது அங்கு இல்லை. 1864இல் அதனை இங்கிலாந்திற்குக் கொண்டு செல்லத் தூக்கியபோது வீழ்ந்து உடைந்தது. துண்டுகளைச் சேர்த்து அமைத்த அந்த யானை, பைகல்லாவிலுள்ள பாவு தாஜி லாட் பொருட்காட்சிச்சாலைத் தோட்டத்தில் நிற்கின்றது. பிறர் பொருளைப் பெயர்த்துச் செல்லும் ஆசை எதில் முடியும் என்பதற்கு அக்கல்லே சான்று.

அடுத்து, சத்ரபதி சிவாஜி மகாராஜ் பொருட்காட்சிச்சாலை. 1922 முதல் பொதுமக்களுக்குத் திறந்துள்ள இதிற் சோபாரா சாசனத் துண்டு உள்ளது. சிந்து நாட்டு மீர்பூர்காஸ் தூபியிலிருந்து கிடைத்த சுடுமண் புத்தவுருவங்களும் உள்ளன. வண்டிக்காரர் அரைமணி நேரம் கொடுத்தால், அந்த அரைமணியையும் இவற்றிற்கே செலவிடுக. நூறு பொருளை ஓடிக்கொண்டே காண்பதினும் ஒன்றன்முன் நின்று காண்பது நன்று.

பின்னர் கடற்கரைச் சாலை. பின்னர் நடிகர் வாழும் மாளிகைகளின் வாயில். மூடிய கதவொன்றைக் காண்பதற்கு ஒருமணி நேரம் வெயிலில் நிற்போரைக் கண்டு நாம் நகைப்பதில்லை, இரங்குகின்றோம். அவர்தம் அன்பு மெய்யானது. அஃது அடைந்த இடமே தவறானது.

3. ஞாயிற்றுக்கிழமை யார் ஈட்டியது?

ஊர் பார்க்கப் பணம் மட்டும் போதாது. ஓய்வு நாள் வேண்டும். அந்த ஓய்வு நாள் வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. பம்பாயிற் பஞ்சாலைகள் 1850களில் தோன்றின. அவற்றில் விளக்கு ஏற்றுமுன் புகுந்து இருட்டியபின் வெளிவரும் தொழிலாளர்க்கு வாராந்தர விடுமுறை என்பதொன்று இல்லை. மகாத்மா ஜோதிராவ் புலேயின் சத்திய சோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே என்பார், 1884இல் தொழிலாளரைக் கூட்டினார். ஞாயிறு முழுநாள் ஓய்வு, நண்பகலில் அரைமணி இடைவேளை, மாதம் 15ஆம் நாளுக்குள் ஊதியம் என்னும் கோரிக்கைகளை எழுதி, 5,500 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை அரசு அமைத்த குழுவின்முன் வைத்தார். 1890 ஏப்ரலில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர் கூடினர். அக்கூட்டத்திற் பெண் தொழிலாளர் இருவரும் எழுந்து பேசினர். அவ்வாண்டு ஜூன் 10இல் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை நுழைவாயிலின் முன் நின்று படமெடுத்துக் கொள்ளும் ஒவ்வொருவரும் அவ்விண்ணப்பத்தில் ஒப்பமிட்டோர்க்குக் கடன்பட்டவரே. அக்கடனை நினைவூட்டும் நிறுத்தம் எதுவும் சுற்றுலா வண்டிக்கு இல்லை. 1982 ஜனவரி 18இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் ஈடுபட்டனர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பெற்றன. ஆலை நிலங்களில் இன்று வானளாவிய மாளிகைகளும் பெருங் கடைக்கூடங்களும் நிற்கின்றன. சில இடங்களிற் புகைபோக்கி மட்டும் புகையின்றி நிற்கின்றது.

நாம் செய்யத்தக்கது யாது? பரேல், லால்பாக் தெருக்களில் அரைநாள் நடந்து செல்க. அங்குள்ள பழைய தொழிலாளர் குடியிருப்புகளில் ஆலையிற் பணிசெய்த முதியோர் இன்னும் உளர். பரேலில் அத்தகைய குடியிருப்பு ஒன்றிலேதான் அண்ணல் அம்பேத்கர் 1912 முதல் 1934 வரை வாழ்ந்தார். பின்னரே நூல்களுக்கெனத் தாம் கட்டிய இராஜகிருஹத்திற்குக் குடிபெயர்ந்தார். முதியோரைக் கண்டு வணங்கி, அவர் சொல்வதைக் கேட்டு, இயன்றால் எழுதி வைத்துக்கொள்க. அசோகர் முதியோர்க்குப் பொன் கொடுத்தார். நம்மால் இயல்வது செவி கொடுத்தல். அவர் மறைந்தபின் அவ்வரலாற்றைக் காட்டும் வழிகாட்டி எவரும் இரார்.

4. கன்ஹேரி கற்பிப்பது

போரிவலியிலுள்ள தேசியப் பூங்காவின் நடுவே, கருங்கற் குன்றில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் குடையப்பெற்றுள்ளன. கிருஷ்ணகிரி, அதாவது கருமலை, என்னும் பெயரே கன்ஹேரி எனத் திரிந்தது. கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிக்குகள் இங்கு உறைந்தனர். மூன்றாம் குகையாகிய சைத்தியத்தின் முகப்பில் ஏறத்தாழ 7 மீட்டர் உயரமுள்ள புத்தவுருவங்கள் இரண்டு எதிரெதிரே நிற்கின்றன.

காண்போர் பெரும்பாலும் அவற்றை மட்டும் கண்டு திரும்புகின்றனர். நாம் இரண்டினைக் கூடுதலாகக் காணச் சொல்லுகின்றோம்.

முதலாவது, நீர்த்தொட்டிகள். குகைகள் பலவற்றின் முன்னே, தரையிற் குடைந்த தொட்டி உண்டு. பாறையில் வெட்டிய சிறு வாய்க்கால்கள் மழைநீரை அத்தொட்டிக்குக் கொண்டு சேர்க்கும். கல்வெட்டுகளில் இதற்குப் போடி என்று பெயர். கலியாணம், சோபாரா முதலிய ஊர்களின் வணிகர், பொற்கொல்லர், பிக்குணிகள் எனப் பலதரத்தினர் இங்குக் குகையும் தொட்டியும் கொடுத்ததையும், பிக்குகளின் மழைக்கால ஆடைக்கு அழியா முதல் வைத்ததையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. அரசர் மட்டும் கட்டியதன்று இம்மலை; உழைத்து ஈட்டியோர் ஒவ்வொருவராய்க் கொடுத்தது.

இரண்டாவது, தொண்ணூறாம் குகையிலுள்ள பஹ்லவி எழுத்துகள். கி.பி. 1009இலும் 1021இலும் அக்குகையைக் காணவந்த பார்சியர் தம் பெயரையும் நாளையும் அங்குப் பொறித்துச் சென்றனர். வேற்றுச் சமயத்தார் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இம்மலையை வந்து கண்டனர் என்பதற்கு அஃது ஆவணம். அதனைக் காட்டி, “நாமும் பெயர் எழுதினால் என்ன?” என்று வினவும் இளைஞர் உண்டு. அன்று ஒரு சிலர் எழுதினர். இன்று நாள்தோறும் ஆயிரவர் வருகின்றனர். ஆயிரவரும் எழுதினால் படிப்பதற்குக் கல் எஞ்சாது. மேலும், பாதுகாக்கப்பெற்ற தொல்சின்னத்தைச் சிதைப்போர்க்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம், 2010இல் திருத்தப்பெற்றவாறு, இரண்டாண்டு வரை சிறையோ ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கின்றது. சட்டத்திற்கு அஞ்சி விலகுதல் கடைநிலை. தன் பெயரைக் கல்லிற் காணும் ஆசையே தான் என்னும் பற்று என உணர்ந்து விலகுதல் தலைநிலை.

5. மனிதர் காட்சிப்பொருள் அல்லர்

மகாலட்சுமி நிலையத்தருகே பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தி, கீழே துணி வெளுக்கும் துறையைக் காட்டுவர். முழங்கால் நீரில் நின்று துணி அடிப்போரை மேலிருந்து படமெடுப்பர். தாராவியைச் சுற்றிக் காட்டும் பயணங்களும் நடைபெறுகின்றன. தாராவி நமக்கு அயலூர் அன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் சென்ற நம் மக்கள் அங்குத் தலைமுறை தலைமுறையாகத் தோலும் பதனிட்டு, இட்டலியும் விற்று, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழ்ந்து வருகின்றனர்.

உழைப்போரைக் காண்பது குற்றமன்று. எவ்வாறு காண்கின்றோம் என்பதே வினா. நாம் ஆலையில் எந்திரத்தின் முன் நின்ற நாட்களில், பார்வையாளர் குழு ஒன்று வந்தது. எந்திரத்தின் விலை கேட்டனர். அஃது ஒரு நாளைக்கு எத்துணை நூல் நூற்கும் என்று கேட்டனர். அதனை இயக்கியவர் பெயரைக் கேட்டாரில்லை. எந்திரத்தைக் காண வந்தோர்க்கு நாமும் எந்திரத்தின் ஓர் உறுப்பாகவே தோன்றியிருத்தல் கூடும். அந்தப் பார்வை எத்தகையது என்பதை உழைப்போரே அறிவர்.

தாராவிப் பயணம் நடத்துவோருட் சிலர் படமெடுத்தலைத் தடுத்துள்ளனர், அது நன்று. ஆயினும் மேலான வழி வேறு. குயவர் வாடையில் ஒரு சட்டி வாங்குக. அப்பளம் இடும் அம்மையாரிடம் அப்பளம் வாங்கி, எவ்வூர் என்று கேட்டு, இரண்டு சொல் பேசுக. காட்சி அங்கே உரையாடலாக மாறும். மன்னர் நாட்டுப்புற மக்களோடு உசாவியது இதுவே.

6. செல்வோர்க்குச் சில முறைகள்

(அ) எலிபெண்டாவும் போரிவலிப் பூங்காவும் திங்கட்கிழமைகளில் மூடப்பெறும். நாள் வகுக்கும்போது இதனை மனத்திற் கொள்க.

(ஆ) ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் வகுத்துக்கொள்ளற்க.

(இ) செல்லுமுன் அவ்விடத்தைப் பற்றி ஒரு பக்கமேனும் படித்து, குழுவினர்க்கு உரைக்க ஒருவரை அமர்த்துக.

(ஈ) குழுவில் முதியோர் இருப்பின் அவர் நடைக்கே மற்றையோர் நடக்க. கன்ஹேரியிற் படிகள் மிகுதி. குடிநீர் கொண்டு செல்க. வெற்றுப் புட்டியைத் திரும்பக் கொண்டு வருக.

(உ) எவரையும் இசைவு பெறாமற் படமெடுத்தல் வேண்டா.

(ஊ) ஊர் திரும்பியபின் அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் தாம் சந்தித்த ஒருவரைப் பற்றிக் கூறுக. கட்டடத்தைப் பற்றி மட்டுமே கூற இயலுமாயின் யாத்திரை முற்றுப்பெறவில்லை என்க.

சிந்தனைக்கு வினாக்கள்

1. விகார யாத்திரைக்கும் தம்ம யாத்திரைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. வாராந்தர ஓய்வு நாளை ஈட்டித் தந்தோர் யாவர்? நம் ஊரில் அத்தகையோர் நினைவு எங்ஙனம் காக்கப்பெறுகின்றது?
3. கன்ஹேரியில் நீர்த்தொட்டி கொடுத்தவர் செயலுக்கும், சுவரிற் பெயர் கீறுவோர் செயலுக்கும் உள்ள வேற்றுமையை விளக்குக.
4. நும் ஊருக்கு ஒருவர் வந்தால், முதலில் எவரிடம் அழைத்துச் செல்வீர்? ஏன்?