கிட்டப்பார்வையும் நாமும்

"கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்" என்பது நம் பெரியோர் சொல்லிவைத்த பழமொழி. அதன் பொருள் எட்டாம் வகுப்பில்தான் எனக்கு விளங்கிற்று. அருமைத் தோழியரே, முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டு, பிறகு பாடத்திற்கு வருகிறேன்.

அவ்வாண்டு என் இடம் நான்காம் பெஞ்சு. கரும்பலகையில் எழுதுவதெல்லாம் எனக்கு வெறும் வெள்ளைக் கோடுகளாகவே தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன். அதுவும் பலிக்காவிட்டால் பக்கத்திலிருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதுவேன். பள்ளியில் கண் பரிசோதனை நடந்த அன்று, வரிசையில் எனக்கு முன் நின்றவர்கள் உரக்க வாசித்த எழுத்துகளை மனப்பாடம் செய்து, அப்படியே ஒப்பித்துத் தப்பித்துக்கொண்டேன்! காரணம் இதுதான். "பொம்பளைப் பிள்ளை கண்ணாடி போட்டா நாளைக்கு யார் கட்டுவாங்க?" என்று பாட்டி ஒருநாள் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

பின்னர் ஒரு கணிதத் தேர்வில், பலகையிலிருந்த 8ஐ 3 என்று எழுதிக்கொண்டு, இரண்டு கணக்குகளையும் அழகாகச் செய்து, இரண்டிலும் மதிப்பெண்ணை இழந்தேன். தாளைத் திருத்திய சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வகுப்பின் கடைசிக்கு அழைத்துச் சென்று, "எதிர்ச்சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்து இன்றைய தேதியைப் படி" என்றார்கள். நான் அழுதுவிட்டேன். மறுநாளே அப்பாவுக்குக் கடிதம் போயிற்று.

கிட்டப்பார்வை என்பது யாது?

நம் கண்ணின் முன்புறத்திலுள்ள கார்னியாவும் அதன் பின்னுள்ள லென்சும் ஒளிக்கதிர்களைக் குவித்து விழித்திரையில் பிம்பத்தை விழச் செய்கின்றன. பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மி.மீ. நீளமுடையது, வளர்ந்தவர்க்கு அது சுமார் 24 மி.மீ. பள்ளிப் பருவத்தில் இந்த வளர்ச்சி அளவை மீறினால் விழித்திரை பின்னுக்குத் தள்ளிப்போகும். அப்போது தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். ஆகவே அது மங்கலாகத் தெரிகிறது. 1 மி.மீ. நீளம் கூடினாலே ஏறத்தாழ இரண்டரை டையாப்டர் குறை உண்டாகும். கண்ணாடியிலுள்ள குழிலென்சு கதிர்களைச் சற்று விரித்து அனுப்பிப் பிம்பத்தை விழித்திரைக்கே கொண்டு சேர்க்கிறது. இவ்வுண்மையை 1604ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் விளக்கியுள்ளார்.

மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்த பவர் –2. இதன் பொருளை நாம் கற்ற ஒளியியல் பாடத்தைக் கொண்டே அறியலாம். 1ஐ 2ஆல் வகுத்தால் அரை மீட்டர். அதாவது, கண்ணாடி இல்லாவிட்டால் 50 செ.மீ. வரைதான் எனக்குத் தெளிவு. கரும்பலகையோ நான்கு மீட்டருக்கு அப்பால்! என் முன்னேற்ற அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதப்பட்டிருந்தது உண்மையில் பார்வைக்குறைவே.

ஏன் வருகிறது?

பெற்றோர்க்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். இடைவிடாமல் அருகிலேயே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அறிந்து நான் வியந்தேன். அது பகல் வெளிச்சத்தில் இருக்கும் நேரம் குறைவது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடங்கள் வெளியில் வகுப்பு நடத்தினர். 2015இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகளில் அவர்களுள் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது; மற்றப் பிள்ளைகளுள் ஏறக்குறைய 40 பேருக்கு வந்தது. நல்ல வெளிச்சத்தில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்னும் பொருள் கண் நீண்டு வளர்வதைக் கட்டுப்படுத்துகிறது என விஞ்ஞானிகள் கருதுகின்றனர். கிட்டப்பார்வை வருமுன் காப்பதற்கே இது பெரிதும் உதவும். எனவே இப்பகுதியை நம் தம்பி தங்கையர்க்கென்றே எழுதுகிறேன்.

தவறான எண்ணங்கள்

"கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும்" என்றார் பாட்டி. மருத்துவர் சிரித்துக்கொண்டே, "கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வளரும் வயதில் கண் வளரத்தான் செய்யும், அம்மா. போடாவிட்டால் படிப்புத்தான் கெடும்" என்றார். வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்தால் கண் தேறும் என்பாரும் உளர். மலேசியாவில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் குறை சற்றுக் கூடுதலாகவே வளர்ந்தது. கேரட்டும் முருங்கைக்கீரையும் வைட்டமின் 'ஏ' குறைவால் வரும் மாலைக்கண் நோயைத் தடுக்கும். ஆனால் நீண்டுவிட்ட விழிக்கோளத்தை அவற்றால் சுருக்க இயலாது. தேன், தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடுதல் தீங்கானது.

நாம் செய்ய வேண்டியவை

1. புத்தகத்திற்கும் கண்ணுக்கும் இடையே முழங்கையிலிருந்து விரல் முட்டி வரையுள்ள தூரமாவது இருக்கட்டும். படுத்துக்கொண்டு படித்தல் கூடாது.

2. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ளதை இருபது விநாடி நோக்குதல் கண்ணுக்கு ஓய்வு தரும்.

3. கைப்பேசியை மிகவும் கிட்டத்தில் வைத்து நெடுநேரம் பார்க்க வேண்டாம்.

4. நாள்தோறும் வெளியில் விளையாடுவோம். பி.டி. வகுப்பில் வயிற்றுவலி என்று சொல்லி உட்காருபவர்கள் கவனிப்பார்களாக! ஆனால் சூரியனை நேராகப் பார்த்தல் ஆகாது.

5. கண்ணாடி அணிவோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குறை விரைந்து வளர்ந்தால் அதன் வேகத்தைத் தணிக்கச் சொட்டு மருந்தும் உண்டு. ஆனால் அதை மருத்துவர் சொல்லியே போட வேண்டும்.

6. திடீரென மின்னல்போல் ஒளி தோன்றினாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பவர் மிகுந்தவர்க்கு விழித்திரை பிரியும் அபாயம் உண்டு.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்துத் தேவைப்படுவோர்க்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கவே தமிழக அரசு 2009இல் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. பணமின்மைக்கு வழி உண்டு. வெட்கத்திற்கு வழி நாம்தான் காண வேண்டும். "கண்ணாடிக்காரி" என்று ஒருத்தியைக் கேலி செய்தால், அதைக் கேட்டு இன்னொருத்தி தன் குறையை மறைப்பாள்.

கண்ணாடி வாங்கிய அன்று மாலை, பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். வழக்கமாக, "எந்த பஸ் வருது, பாட்டி?" என்று நான்தான் கேட்பேன். அன்று தொலைவிலேயே எண்ணைப் படித்து, "நம்ம பஸ் வருது, வாங்க" என்று பாட்டியின் கையைப் பிடித்தேன். பாட்டி என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

தோழியரே, அடுத்த பரிசோதனை நாளில் உங்களுள் எவளேனும் எழுத்துகளை மனப்பாடம் செய்ய எண்ணினால், என்னை நினைத்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். அதுவே நம் கண்களுக்கு நாம் செய்யும் முதல் உதவியாகும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி